அரசு அலுவலர்களின் தனிப் பண்புகளையும் பணித்திறனையும் மதிப்பிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதிப்பீட்டு அறிக்கை எழுத வேண்டிய மேலதிகாரிக்கும், அந்த அறிக்கையால் பதவி உயர்வோ இடமாறுதலோ தீர்மானிக்கப்படும் அலுவலருக்கும் பொதுவாக இந்தக் கேள்வி பதில்களைத் தொகுத்திருக்கிறேன். பல ஆண்டுகள் இத்தகைய அறிக்கைகளை எழுதியும் மறுஆய்வு செய்தும் நான் வந்தடைந்த முடிவு ஒன்று உண்டு. ஓர் அலுவலரின் குணத்தைப் பற்றி எழுதப்படும் எந்த வரியும், வேறொருவர் எடுத்துப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஒரு செயலில் காலூன்றி நிற்க வேண்டும். கீழே உள்ள விடைகள் அனைத்தும் அந்த முடிவிலிருந்து எழுதப்பட்டவை.

தனிப் பண்பு, பணிசார் பண்பு என்று ஏன் பிரிக்கிறார்கள்?

ஒருவர் தம் பதவிக்குரிய வேலையைச் செய்து முடிக்கத் தேவைப்படும் அறிவும் பயிற்சியும் திறனும் பணிசார் பண்புகள் எனப்படுகின்றன. விதிகளை அறிந்திருத்தல், கோப்பில் குறிப்பு எழுதும் தெளிவு, கணக்கைச் சரிபார்க்கும் துல்லியம், வேலையைப் பகிர்ந்து கொடுத்து வாங்கும் ஆற்றல், நெருக்கடியில் முடிவெடுக்கும் திறன் ஆகியவை இதில் அடங்கும். அந்த அறிவையும் திறனையும் அவர் எப்படி, யாருடைய நலனுக்காகப் பயன்படுத்துகிறார் என்பதைக் காட்டுபவை தனிப் பண்புகள். நேர்மை, பாரபட்சமின்மை, பொறுமை, தவறை ஒப்புக்கொள்ளும் துணிவு, கீழே உள்ளவரை மதிக்கும் தன்மை முதலியன அவற்றுள் முக்கியமானவை.

பணிசார் குறையைப் பெரும்பாலும் பயிற்சியால் சரிசெய்துவிடலாம். புதிய மென்பொருள் தெரியாதவருக்கு இரண்டு வாரம் கற்றுக்கொடுத்தால் போதும். மனுக் கொடுக்க வருபவரை நிற்க வைத்தே பேசி அனுப்பும் பழக்கம் உள்ளவருக்குப் பயிற்சி வகுப்பு மட்டும் போதாது. நெருங்கிய மேற்பார்வையும், சில வேளைகளில் வேறு பொறுப்பும் தேவைப்படும். இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்து ஒரே மதிப்பெண் கொடுத்துவிட்டால், எந்தக் குறைக்கு எந்த மருந்து என்பதே தெரியாமல் போகும்.

தனிப் பண்பு என்ற சொல்லைச் சிலர் தனிவாழ்க்கை என்று புரிந்துகொள்கிறார்கள். அலுவலரின் சமயம், குடும்ப நிலை, அரசியல் கருத்து, ஓய்வு நேர விருப்பங்கள் ஆகியவை பணியைத் தொடாத வரையில் மதிப்பீட்டுக்குள் வரக் கூடாது.

வேலையைச் சரியாகச் செய்தால் போதாதா? குணத்தை ஏன் பார்க்க வேண்டும்?

ஒரு கடைக்காரர் சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். பிறப்புச் சான்றிதழுக்கோ நிலப் பதிவுக்கோ வரித் தீர்வைக்கோ குடிமகனுக்கு வேறு கவுண்டர் கிடையாது. அரசு அலுவலரிடம் இருப்பது அரசின் அதிகாரம் என்பதால், அவர் எவ்வளவு திறமைசாலியோ அவ்வளவுக்கு அவருடைய பாரபட்சம் தீங்கு செய்யும். விதிகளைக் கரைத்துக் குடித்த ஒருவர் அந்த அறிவை ஒரு விண்ணப்பத்தை நிராகரிக்கும் வழி தேடவும் பயன்படுத்தலாம், நிறைவேற்றும் வழி தேடவும் பயன்படுத்தலாம்.

வரலாறும் இதையே காட்டுகிறது. பிரிட்டனில் 1854-இல் வெளியான நார்த்கோட் ட்ரெவெல்யன் அறிக்கை, செல்வாக்கின் பேரில் ஆள் சேர்ப்பதை விட்டுவிட்டுப் பொதுப் போட்டித் தேர்வையும் தகுதி அடிப்படையிலான பதவி உயர்வையும் பரிந்துரைத்தது. அமெரிக்காவில், அரசுப் பதவி கிடைக்காத ஏமாற்றத்தில் இருந்த ஒருவன் 1881-இல் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டைச் சுட்டதும், அவர் அந்தக் காயங்களால் இறந்ததும் சீர்திருத்தக் குரலை வலுப்படுத்தின. 1883-இல் பெண்டில்டன் சட்டம் தகுதித் தேர்வு முறையைக் கொண்டுவந்தது. இவை இரண்டும் திறமையைச் சோதிக்க வழி செய்தன. ஆனால் தேர்வுத் தாளில் நேர்மையைச் சோதிக்க முடியாது என்பது போகப் போகத் தெரிந்தது. பிரிட்டனில் பொதுவாழ்வு நெறிமுறைகளுக்கான நோலன் குழு 1995-இல் தன்னலமின்மை, நேர்மை நிலை, நடுவுநிலை, பொறுப்புடைமை, வெளிப்படைத்தன்மை, வாய்மை, தலைமை என ஏழு நெறிகளை வகுத்தது இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

பண்பை அளக்க முடியுமா? அது மனத்துக்குள் இருப்பது அல்லவா?

மனத்துக்குள் இருப்பதை யாராலும் அளக்க முடியாது, அளக்க முயலவும் கூடாது. நாம் பார்க்கக்கூடியது நடத்தை மட்டுமே. ஆகவே ஒவ்வொரு பண்பையும் "இது இருந்தால் அலுவலகத்தில் என்ன நடக்கும், இல்லாவிட்டால் என்ன நடக்கும்" என்ற கேள்வியாக மாற்றிக்கொள்ள வேண்டும். பொறுப்புணர்வு என்று தலைப்பிட்டு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போடச் சொன்னால் ஆளுக்கொரு பொருள் கொள்வார்கள். விடுப்பில் போகும்போது நிலுவைக் கோப்புகளின் பட்டியலை அடுத்தவரிடம் ஒப்படைத்தாரா, தம் பிழையால் நேர்ந்த தாமதத்தைத் தாமே முன்வந்து தெரிவித்தாரா என்று கேட்டால் விடை ஏறக்குறைய ஒன்றாகவே வரும்.

இப்படி மாற்ற முடியாத ஒரு பண்பு படிவத்தில் இருந்தால் அதை நீக்கிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. "ஆளுமை", "தோற்றப் பொலிவு" போன்ற தலைப்புகள் இன்னும் சில படிவங்களில் தொடர்கின்றன. அவற்றில் பதிவாவது மதிப்பிடுபவரின் விருப்பு வெறுப்புதான்.

நல்ல குறிப்பு எப்படி இருக்கும்? ஓர் எடுத்துக்காட்டு தர முடியுமா?

ஒரே அலுவலரைப் பற்றி இருவர் எழுதிய இரண்டு குறிப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். முதல் குறிப்பு: "இவர் கடமையுணர்வு மிக்கவர். கடின உழைப்பாளி. பொதுமக்களிடம் கனிவாகப் பழகுபவர். இவரது நேர்மை ஐயத்திற்கு அப்பாற்பட்டது." இதைப் படித்து முடித்த பிறகு அந்த அலுவலரைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. பெயரை மாற்றினால் அதே குறிப்பு அடுத்த மேசையில் இருப்பவருக்கும் பொருந்தும்.

இரண்டாவது குறிப்பு: "கணவரை இழந்த ஒரு பெண்மணியின் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம், இறந்தவரின் பெயர் பணிப்பதிவேட்டில் ஒரு விதமாகவும் இறப்புச் சான்றிதழில் வேறு விதமாகவும் இருந்ததால் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. இவர் பிரிவுக்கு வந்த முதல் வாரத்தில் பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்து, பெயர் வேறுபாடு எங்கள் எழுத்தர் ஒருவரின் பிழையால் நேர்ந்தது என்பதைக் கண்டறிந்தார். திருத்தத்துக்கான குறிப்பைத் தாமே எழுதி, பிழை நம்முடையது என்பதையும் அதில் மறைக்காமல் பதிவு செய்தார். அதே வகைத் தவறு வேறு எந்தக் கோப்புகளில் உள்ளது என்று தேடி மேலும் நான்கைக் கொண்டுவந்தார். ஆனால் இந்த வேலையில் மூழ்கியதால் மாதாந்திர அறிக்கையை இரண்டு முறை தாமதமாக அனுப்பினார்."

இந்தக் குறிப்பில் அவரைப் புகழும் பெயரடை ஒன்று கூட இல்லை. இருந்தும் அவருடைய நேர்மை, விடாமுயற்சி, குடிமக்கள் மீதான அக்கறை, அத்துடன் வேலைகளை முன்பின் வரிசைப்படுத்துவதில் உள்ள குறை எல்லாம் தெரிந்துவிடுகின்றன. அவரைப் பார்த்தே இராத ஒரு தேர்வுக் குழு பத்தாண்டு கழித்துப் படித்தாலும் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளும். குறையைச் சொன்ன கடைசி வாக்கியம் முழுக் குறிப்புக்கும் நம்பகம் சேர்க்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆண்டு முழுவதும் இப்படிக் குறித்துவைக்க நேரம் ஏது?

வாரம் ஒருமுறை பத்து நிமிடம் போதும். நாள், நடந்தது, விளைவு என மூன்று வரிகள் எழுதினால் போதுமானது. ஜான் ஃபிளனகன் என்ற உளவியலாளர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க விமானப் படையினரிடையே நடந்த ஆய்வுகளின் அடிப்படையில் 1954-இல் விளக்கிய "முக்கிய நிகழ்வு முறை" இதற்கு முன்னோடி. வேலை மிக நன்றாக நடந்த தருணத்தையும் மிக மோசமாக நடந்த தருணத்தையும் நடந்தது நடந்தபடி பதிவு செய்வதே அதன் சாரம். குறைகளை மட்டும் குறித்துவைக்கும் மேலதிகாரியின் கையேடு மதிப்பீட்டுக் கருவி ஆகாது, குற்றப்பத்திரிகையாகிவிடும். நல்லதையும் அதே கவனத்தோடு எழுத வேண்டும்.

மதிப்பெண் அளவுகோல் எப்படி அமைய வேண்டும்?

எண்ணுக்குப் பக்கத்தில் சொல் இருக்க வேண்டும். ஸ்மித், கெண்டல் என்ற இரு ஆய்வாளர்கள் 1963-இல் செவிலியர் பணியை மதிப்பிடுவதற்காக உருவாக்கிய முறையில், அளவுகோலின் ஒவ்வொரு படிக்கும் அந்தத் தொழிலில் உள்ளவர்களே சொன்ன ஒரு நடத்தை எடுத்துக்காட்டாக வைக்கப்பட்டது. அரசு அலுவலகத்துக்கும் அது நன்றாகப் பொருந்தும்.

"குடிமக்களோடு பழகுதல்" என்ற பண்பை எடுத்துக்கொள்வோம். கடைசிப் படியில், விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்புபவர். நடுப் படியில், என்னென்ன குறைகின்றன என்பதை ஒரே தடவையில் எழுதிக் கொடுப்பவர். மேல் படியில், குறையும் ஆவணம் அலுவலகத்திலேயே வேறு பிரிவில் இருந்தால் அதைத் தாமே வரவழைத்துக்கொள்பவர். இப்படி எழுதிய அளவுகோலைக் கையில் கொடுத்தால், எந்தப் படியில் நிற்கிறோம் என்பது அலுவலருக்கே தெரிந்துவிடும். இதை உருவாக்க உழைப்பு அதிகம் தேவை என்பது உண்மைதான். ஒவ்வொரு பதவி வகைக்கும் தனித்தனியாக எழுத வேண்டியிருப்பதால் பல துறைகள் இதைத் தொடங்கிவிட்டுப் பாதியில் கைவிடுகின்றன. பத்துப் பண்புகளுக்கு அரைகுறையாகச் செய்வதைக் காட்டிலும், அந்தப் பதவிக்கு உயிர்நாடியான நான்கு பண்புகளுக்கு ஒழுங்காகச் செய்வது மேல்.

மதிப்பிடுபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள் யாவை?

முதலாவது, ஒரு குணத்தின் ஒளி எல்லாவற்றின் மீதும் படிவது. எட்வர்ட் தார்ன்டைக் 1920-இல் வெளியிட்ட ஆய்வில், ராணுவ அதிகாரிகள் தம் கீழ் உள்ளவர்களின் உடற்கட்டு, அறிவு, தலைமை, ஒழுக்கம் ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிட்டபோதும் மதிப்பெண்கள் நம்ப முடியாத அளவுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போனதைக் காட்டினார். ஒருவரை நல்லவர் என்று மனம் முடிவு செய்துவிட்டால், கை எல்லாக் கட்டத்திலும் நல்ல மதிப்பெண்ணையே போடுகிறது. இதைக் குறைக்க ஓர் எளிய வழி உண்டு. ஓர் அலுவலரின் படிவத்தை முழுவதும் நிரப்பிவிட்டு அடுத்தவருக்குப் போகாமல், ஒரு பண்பை எடுத்துக்கொண்டு எல்லா அலுவலர்களுக்கும் மதிப்பிட்ட பிறகு அடுத்த பண்புக்குப் போகலாம்.

இரண்டாவது, கடைசி இரண்டு மாதங்கள் பத்து மாதங்களை மறைத்துவிடுவது. வாராந்தரக் குறிப்பேடு இதற்கு மருந்து. மூன்றாவது, முகம் சுளிக்க விரும்பாத தாராளம். எல்லாரும் "மிக நன்று" பெற்ற அலுவலகத்தில் உண்மையிலேயே மிக நன்றாக வேலை செய்தவர்தான் ஏமாற்றப்படுகிறார். தம்மைப் போலவே பேசும், சிந்திக்கும் ஒருவரைத் திறமைசாலி என்று எண்ணுவது நான்காவது. இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் அது பாரபட்சமாகவே நமக்குத் தோன்றாது.

இந்தத் தவறுகள் எவ்வளவு ஆழமானவை என்பதை 2000-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆயிரக்கணக்கான மேலாளர்களைப் பற்றிய மதிப்பெண்களை ஆராய்ந்தபோது, மதிப்பெண்களில் காணப்பட்ட வேறுபாட்டில் பாதிக்கும் மேற்பட்டது மதிப்பிடுபவரின் தனிப் போக்கால் நேர்ந்ததே ஒழிய, மதிப்பிடப்பட்டவரின் பணியால் நேர்ந்ததல்ல என்று தெரியவந்தது. அதனால்தான் ஒரே ஒருவரின் மதிப்பெண்ணை வைத்து யாருடைய எதிர்காலத்தையும் முடிவு செய்யக் கூடாது என்று வற்புறுத்துகிறேன்.

நேர்மையை எப்படி மதிப்பிடுவது?

எல்லாக் கேள்விகளிலும் இதுவே கடினமானது. நேர்மைக்குப் பத்துக்கு ஏழு என்று மதிப்பெண் போடுவது பொருளற்றது. பத்தில் மூன்று பங்கு நேர்மையற்றவர் என்றால் அவரை ஏன் அந்த நாற்காலியில் வைத்திருக்கிறோம் என்ற கேள்வி எழும். இந்திய நடுவண் அரசின் நடைமுறையில் நேர்மைக்கென்று தனிப் பத்தி உண்டு. ஐயம் இருந்தால் மதிப்பிடும் அலுவலர் அந்தப் பத்தியை நிரப்பாமல் விட்டு, தனியாக ஒரு மந்தணக் குறிப்பு எழுதி, அது விசாரிக்கப்பட வேண்டும். விசாரணையின் முடிவுக்கு ஏற்பப் பத்தி நிரப்பப்படும். வதந்தியை அறிக்கைக்குள் வரவிடாமலும், உண்மையான ஐயத்தைப் புதைத்துவிடாமலும் இருக்க இது ஓரளவு உதவுகிறது. நடைமுறையில், விசாரணைக்கு அஞ்சி அல்லது சோம்பி, பெரும்பாலோர் "ஐயத்திற்கு அப்பாற்பட்டது" என்று எழுதிவிட்டுக் கடந்துபோவதையும் நான் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதிய கை, பின்னால் முறைகேடு வெளிவரும்போது அந்தக் கையெழுத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

லஞ்சம் வாங்காதவர் நேர்மையானவர் என்று நிறுத்திக்கொள்வதும் தவறு. மேலிடத்துக்குப் பிடிக்காத உண்மையைக் கோப்பில் எழுதுகிறாரா, வாய்மொழியாக வந்த உத்தரவைக் குறிப்பில் பதிவு செய்கிறாரா, தெரிந்தவரின் விண்ணப்பமும் தெரியாதவரின் விண்ணப்பமும் அவர் மேசையில் ஒரே வரிசையில் நகர்கின்றனவா, தம் உறவினர் தொடர்புடைய கோப்பு வந்தால் அதை வேறொருவரிடம் ஒப்படைக்கிறாரா என்பவை நேர்மையின் அன்றாட அடையாளங்கள். இவற்றில் பெரும்பாலானவை கோப்புகளிலேயே பதிந்திருக்கும். யாரையும் வேவு பார்க்கத் தேவையில்லை.

முடித்த கோப்புகளின் எண்ணிக்கையை வைத்து மதிப்பிட்டால் குழப்பமே இருக்காதே?

குழப்பம் இருக்காது, உண்மையும் இருக்காது. பிரிட்டன் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்ன கருத்து இன்று எல்லாத் துறைகளுக்கும் எடுத்தாளப்படுகிறது. ஓர் அளவை இலக்காக ஆக்கி அழுத்தம் கொடுக்கத் தொடங்கியதும், அது எதைக் காட்டி வந்ததோ அதைக் காட்டுவதை நிறுத்திவிடுகிறது. கோப்பு எண்ணிக்கையை இலக்காக்கினால், எளிய கோப்புகள் உடனே முடியும், சிக்கலானவை அடியில் போகும், "கூடுதல் விவரம் தேவை" என்று திருப்பி அனுப்பப்பட்டவையும் முடிந்த கணக்கில் சேரும். பட்டியலில் நூறு கோப்பு முடிந்திருக்கும், வரிசையில் நூறு பேர் மறுபடியும் நின்றிருப்பார்கள்.

எண்ணே வேண்டாம் என்று சொல்லவில்லை. நிலுவையின் வயது, மேல்முறையீட்டில் எத்தனை ஆணைகள் மாற்றப்பட்டன, ஒரே விண்ணப்பம் எத்தனை முறை திரும்பி வந்தது என்ற எண்களைச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும். எண் கேள்வியை எழுப்பட்டும். விடையை மனிதர் உட்கார்ந்து தேட வேண்டும்.

நேர்காணல், எழுத்துத் தேர்வு, குழுப் பயிற்சி ஆகியவற்றால் பண்புகள் தெரியவருமா?

ஓரளவு தெரியவரும். பொதுவாக உரையாடி ஆளைப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கும் நேர்காணலைவிட, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு முன்கூட்டியே வகுத்த அளவுகோலில் விடைகளை மதிப்பிடும் நேர்காணல் பிற்காலப் பணித்திறனைக் கூடுதலாக முன்னுரைக்கிறது என்பது நீண்ட கால ஆய்வுகளின் முடிவு. ஆள்தேர்வு முறைகளை ஒப்பிட்டு 2022-இல் வெளியான ஒரு மறுஆய்வில், இத்தகைய வரையறுத்த நேர்காணலே முதலிடத்துக்கு வந்தது.

பல பயிற்சிகளைத் தொடர்ச்சியாகக் கொடுத்துப் பல பார்வையாளர்கள் மதிப்பிடும் முறையை, 1942-இல் பிரிட்டன் ராணுவம் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்தத் தொடங்கியது. தலைவர் என்று யாரையும் நியமிக்காமல் ஒரு குழுவிடம் வேலையை ஒப்படைத்து, யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கவனிப்பது அதன் புகழ்பெற்ற பகுதி. 1945-இல் அந்த முறை குடிமைப் பணித் தேர்வுக்கும் கொண்டுவரப்பட்டது. ஆள் சேர்க்கும்போதும் உயர் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கும்போதும் இது பயனுள்ளது. ஆனால் இரண்டு நாள் கவனிப்பில் தெரிவது அவரால் என்ன முடியும் என்பதுதான். யாரும் கவனிக்காதபோது அன்றாடம் என்ன செய்கிறார் என்பது பணிப் பதிவில்தான் தெரியும்.

சக அலுவலர்கள், கீழ்ப் பணியாளர்கள், பொதுமக்கள் ஆகியோரின் கருத்தைக் கேட்கலாமா?

கேட்க வேண்டும் என்பேன், நிபந்தனைகளோடு. மேலதிகாரிக்குத் தெரியும் முகமும் கடைநிலைப் பணியாளருக்குத் தெரியும் முகமும் வேறு வேறாக இருக்கலாம்; கீழே இருப்பவரை ஒருவர் நடத்தும் விதத்தை மேலே இருந்து பார்ப்பது அரிது. ஆனால் கண்டிப்பான அலுவலர் மீது பழிதீர்க்கவும், இளகிய அலுவலரைத் தூக்கிப் பிடிக்கவும் இந்த வழி பயன்படும். யாரிடம் கேட்டோம் என்பது தெரியாமல், எழுத்தில் இல்லாமல், பதில் சொல்ல வாய்ப்பும் தராமல் திரட்டும் கருத்தால் ஒருவரின் பதவி உயர்வை நிறுத்துவது அநீதி. இத்தகைய கருத்துகளை அலுவலரின் வளர்ச்சிக்கான ஆலோசனைக்கு மட்டும் பயன்படுத்தி, பதவி உயர்வுக் கணக்கிலிருந்து விலக்கி வைப்பதே பாதுகாப்பானது.

இத்தனை விழுக்காட்டினருக்குத்தான் உயர் மதிப்பெண் என்று வரம்பு வைக்கலாமா?

தாராளத்தைத் தடுக்க இது குறுக்குவழி. ஆனால் ஐந்து பேர் உள்ள பிரிவில் ஐவருமே நன்றாக வேலை செய்தால், விதிக்காக ஒருவரைத் தாழ்த்த வேண்டியிருக்கும். அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தால் தம் இடம் போய்விடும் என்ற எண்ணம் அந்த ஐவரிடமும் முளைத்துவிடும். நான் இதை ஆதரிக்கவில்லை.

அறிக்கையை அலுவலரிடம் காட்ட வேண்டுமா?

காட்ட வேண்டும், முழுவதையும் காட்ட வேண்டும். பாதகமான குறிப்பை மட்டும் தெரிவித்தால் போதும் என்பது நீண்ட காலப் பழக்கமாக இருந்தது. 2008-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தேவ் தத் வழக்கில் அந்தப் பழக்கத்தின் குறையை வெளிக்கொணர்ந்தது. வழக்குத் தொடுத்த அலுவலரின் ஓர் ஆண்டு அறிக்கையில் "நன்று" என்று இருந்தது. அது பாதகமான சொல்லாகத் தோன்றாததால் தெரிவிக்கப்படவில்லை. ஆனால் பதவி உயர்வுக்கு "மிக நன்று" தேவைப்பட்டதால், அந்த "நன்று" அவருடைய வாய்ப்பை மூடிவிட்டது. எந்த மதிப்பீடாக இருந்தாலும் உரிய காலத்துக்குள் அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் அதை மாற்றக் கோரி முறையிட வாய்ப்புத் தர வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. 2013-இல் மூவர் அமர்வும் இதை உறுதி செய்தது.

வெளிப்படையாக இருந்தால் உண்மையை எழுத மேலதிகாரிகள் தயங்குவார்கள் என்று ஒரு வாதம் உண்டு. எதிரே உட்கார வைத்துச் சொல்ல முடியாத குறையை முதுகுக்குப் பின்னால் எழுதுவதில் என்ன துணிவு இருக்கிறது?

தன்மதிப்பீட்டை எப்படி எழுதுவது?

பதவிக்கான கடமைகளைத் திரும்ப எழுதிவைப்பது பலரின் வழக்கம். அதை மேலதிகாரி ஏற்கெனவே அறிவார். ஆண்டின் தொடக்கத்தில் ஒப்புக்கொண்டவை எவை, அவற்றில் முடிந்தவை எவை, முடியாதவற்றுக்கு உண்மையான காரணம் என்ன, தம் முயற்சியால் மட்டுமே நடந்தது என்று சொல்லக்கூடிய இரண்டு நிகழ்வுகள் எவை, எந்தப் பயிற்சி தேவை என்பவற்றை எழுதினால் போதும். கோப்பு எண்ணையும் நாளையும் குறிப்பிடுவது நல்லது. குழுவாகச் செய்த வேலையைத் தனியாகச் செய்தது போல் எழுதினால், குழுவில் இருந்த மற்ற மூவரும் அதையே எழுதியிருப்பார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

எத்தனை காலத்துக்கு ஒருமுறை மதிப்பிட வேண்டும்?

நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஆண்டு அறிக்கை பரவலான வழக்கம். ரஷ்யாவில் 2004-ஆம் ஆண்டின் குடிமைப் பணிச் சட்டப்படி, அலுவலர் வகிக்கும் பதவிக்குத் தகுதியாக இருக்கிறாரா என்பதை ஓர் ஆணையக் குழு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசீலிக்கிறது. பணித்திறனுக்கு ஓராண்டு பொருந்தும். பண்பைப் பற்றி முடிவு சொல்ல, வெவ்வேறு மேலதிகாரிகள் எழுதிய மூன்று நான்கு ஆண்டு அறிக்கைகளைச் சேர்த்துப் பார்ப்பதே முறை.

மதிப்பீட்டுக்குப் பிறகு நடக்கும் உரையாடலில் என்ன பேச வேண்டும்?

பின்னூட்டம் சொன்னாலே நல்லது நடந்துவிடும் என்று நம்ப வேண்டாம். 1996-இல் க்ளூகர், டெனிஸி என்ற இரு ஆய்வாளர்கள் அறுநூற்றுக்கும் மேற்பட்ட ஒப்பீடுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பின்னூட்டம் சராசரியாகப் பணியை மேம்படுத்தினாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் பணி மோசமாகியிருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகித் தன்மானத்தின் மீது திரும்பும்போது இந்தத் தீங்கு நேர்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

"நீங்கள் கவனக்குறைவானவர்" என்றால் அவர் தம்மைக் காத்துக்கொள்ளப் பேசத் தொடங்குவார். "இந்த மூன்று ஆணைகளிலும் விதி எண் தவறாக இருக்கிறது, அனுப்புமுன் சரிபார்க்க என்ன செய்யலாம்?" என்று ஆணைகளை எடுத்து மேசையில் வைத்தால், இருவரும் ஆணையைப் பார்ப்பார்கள். ஆண்டு முடிவில் முதல்முறையாக ஒரு குறையைக் கேள்விப்படும் நிலை எந்த அலுவலருக்கும் வரக் கூடாது.

குறைந்த மதிப்பீடு பெற்றவரை என்ன செய்வது?

முதலில் காரணத்தைத் தேட வேண்டும். வேலை தெரியாததாலா, வேலைச்சுமையாலா, உடல்நலக் குறைவாலா, பொருந்தாத இடத்தில் அமர்த்தியதாலா, விருப்பமின்மையாலா என்பதைப் பொறுத்து வழி மாறும். அமெரிக்க நடுவண் அரசுப் பணியில், 1978-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின் பணித்திறன் விதிகளின்படி, ஒருவரைப் பணித்திறன் குறைவுக்காக நீக்குமுன் ஏற்கத்தக்க அளவில் வேலை செய்து காட்ட அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். நடவடிக்கைக்கு 30 நாள் முன்னறிவிப்பும் தர வேண்டும். இடமாறுதலைத் தண்டனையாகப் பயன்படுத்துவது மட்டும் கூடவே கூடாது. அது குறையைச் சரிசெய்வதில்லை, வேறு ஊர் மக்களின் தலையில் இறக்கி வைக்கிறது.

எனக்குத் தரப்பட்ட மதிப்பீடு தவறு என்று நினைக்கிறேன். என்ன செய்யலாம்?

முறையீட்டுக்கான காலக்கெடுவை முதலில் பாருங்கள். பல நல்ல முறையீடுகள் காலம் கடந்ததாலேயே தள்ளப்படுகின்றன. மேலதிகாரியின் நோக்கத்தைப் பற்றி எழுதாதீர்கள். அவருக்கு உங்கள் மீது வெறுப்பு இருந்தாலும் அதை நிரூபிப்பது கடினம், நிரூபிக்கத் தேவையும் இல்லை. குறிப்பில் உள்ள வாக்கியத்தை அப்படியே எடுத்தெழுதி, அதற்கு மாறான ஆவணத்தை நாளோடும் கோப்பு எண்ணோடும் அதன் கீழே வையுங்கள். "முடிவெடுக்கத் தயங்குபவர்" என்று இருந்தால், அந்த ஆண்டில் நீங்கள் எடுத்த முடிவுகளில் மேல்முறையீட்டிலும் நிலைத்த மூன்றைக் காட்டுங்கள். குறிப்பு எந்த நிகழ்வையும் சுட்டாமல் பொதுவாக எழுதப்பட்டிருந்தால், எந்த நிகழ்வின் அடிப்படையில் எழுதப்பட்டது என்று கேளுங்கள். மறுஆய்வு அலுவலர் அதை எழுதியவரிடம் கேட்டே ஆக வேண்டும். சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று உண்மை என்றால் அதை ஒப்புக்கொண்டு, மற்றவற்றை மட்டும் மறுப்பது நல்லது. முறையீட்டின் நகலையும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவு எதுவானாலும், அது காரணத்தோடு எழுத்தில் வர வேண்டும் என்று முறையீட்டின் கடைசிப் பத்தியிலேயே கேட்டுவிடுங்கள்.